கடலை சேராத மாவு

மகனின் கீழுதடு தடித்திருந்ததைப் பாண்டீஸ்வரி உடனே கவனிக்கவில்லை. பள்ளிக்கூட வேன் வரும் நேரம். ஒரு காலுறை கிடைத்துவிட்டது, இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வாயெல்லாம் அரிக்குது" என்றான் அழகுபாண்டி.

குனிந்த வாக்கிலேயே திரும்பிப் பார்த்தாள். உதடு மட்டுமல்ல, கண்ணுக்குக் கீழேயும் வீங்கத் தொடங்கியிருந்தது. கழுத்தில் சிவப்புத் தடிப்புகள். அவளுக்கு இது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வயதில் பக்கத்து வீட்டுக் கடலை மிட்டாயை அவன் நக்கிப் பார்த்த அன்றும் இதே முகம்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு நிலக்கடலை என்ற பொருளே ஆகாது. அந்த வீட்டுக்குள் கடலை வந்து வருடக்கணக்காகிவிட்டது.

"ஏங்க, வண்டிய எடுங்க!" என்று கத்திக்கொண்டே குளிர்பெட்டியின் மேலிருந்த ஒவ்வாமை மருந்தை எடுத்து அவன் வாயில் ஊற்றினாள். கணவன் சூரியபிரகாஷ் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன், நுரையைத் துப்பிவிட்டு அப்படியே ஓடிவந்தான். ஆனையூர் மெயின் ரோட்டில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இருமத் தொடங்கியிருந்தான்.

டாக்டர் தொடையில் ஊசி போட்டார். மூக்கில் புகைமருந்து முகமூடியை வைத்தார். மூச்சிரைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து சீரானதும்தான் பாண்டீஸ்வரி, தான் காலில் செருப்பு இல்லாமல் நிற்பதை உணர்ந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். காலையில என்ன சாப்பிட்டான்?"

"கஞ்சி மட்டும்தான் சார். வேற எதுவும் குடுக்கல."

"என்ன கஞ்சி?"

அப்போதுதான் பாண்டீஸ்வரிக்கு உறைத்தது. அவள் மாவில் காய்ச்சிய கஞ்சி. அவளே தயாரித்து, டப்பாவில் அடைத்து, 'நிலக்கடலை, முந்திரி, பாதாம் எதுவும் சேராதது' என்று அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கும் மாவு. முந்தாநாள் மூட்டை பிரித்த புதுமாவு. அதில் கடைசியாக மிஞ்சியதைத்தான் தன் பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

மற்றதெல்லாம் கூரியரில் போய்விட்டது.

*

அந்த மாவு ஆரம்பித்ததே அழகுபாண்டிக்காகத்தான். கடையில் விற்கும் சத்துமாவு எதை எடுத்தாலும் முந்திரியோ கடலையோ இல்லாமல் இருக்காது. கேழ்வரகு, கம்பு, சிவப்பரிசி, பாசிப்பயறு, கொஞ்சம் ஏலக்காய் என்று தானே வறுத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தாள். ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த வரிசையில் இன்னொரு தாய் கேட்டாள் என்று கொஞ்சம் கொடுத்தாள். அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். பிறகு வாட்ஸப் குழு, பிறகு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். 'சின்னக்கிண்ணம்' என்று பெயர் வைத்தது அடுத்த தெருவில் இருக்கும் ஆன்மேரி. மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்தவள்; மாவு வியாபாரம் இரண்டு பேர் கை கேட்கும் அளவுக்கு வளர்ந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டாள். வறுப்பதும் கலப்பதும் பாண்டீஸ்வரி. டப்பா, முகவரி, வாடிக்கையாளர்களுடன் பேச்சு எல்லாம் ஆன்மேரி.

ஒரு நாள் அழகுபாண்டி கஞ்சி குடித்துவிட்டு மேலுதட்டில் மீசையோடு சிரித்ததை ஆன்மேரி படம் பிடித்துப் போட்டாள். அது எங்கெங்கோ போனது. ஆர்டர்கள் குவிந்தன. மிக்ஸியும் வீட்டு அரவை இயந்திரமும் தாங்காமல், பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் மலையாண்டி நடத்தும் பெரிய மில்லுக்குப் போனார்கள். அங்கே எல்லாமும் அரைபடும். அதனால் பாண்டீஸ்வரி ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். அதிகாலையில் முதல் ஆளாகப் போவாள். இயந்திரத்தைத் திறந்து தட்டித் துடைக்கச் செய்வாள். இரண்டு படி பச்சரிசியை ஓடவிட்டு அதைத் தள்ளிவிட்ட பிறகே தன் தானியத்தைக் கொட்ட விடுவாள். கடைசி மூட்டை கட்டும் வரைக்கும் நகர மாட்டாள்.

இந்த முறை அவள் போகவில்லை. டப்பாக்கள் அடுக்கும் வேலை தலைக்கு மேல் கிடந்தது. போனில் சொல்லிவிட்டுத் தானியத்தை லோடு ஆட்டோவில் அனுப்பினாள். மலையாண்டி அண்ணனுக்குத் தெரியாததா என்று நினைத்தாள்.

மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நம்ம மாவு அரைச்சீங்கள்ல, அதுக்கு முன்னாடி என்ன ஓட்டுனீங்க?"

"ஏன் தாயி, என்ன விஷயம்?"

"என்ன ஓட்டுனீங்கன்னு சொல்லுங்கண்ணே."

"முத ஓட்டம் ஒனக்குத்தான் வச்சிருந்தேன். ஒரு ஓட்டல்காரரு இட்லிப்பொடிக்கு அவசரம்னு வந்து நின்னாரு. நிலக்கடலைப்பொடி. ஆனா நல்லாத் தொடச்சுட்டுத்தான் ஒன்னோடத ஓட்டச் சொன்னேன்."

"அரிசி ஓட்டுனீங்களா?"

"தொடச்சோம் தாயி…"

அவள் போனை வைத்துவிட்டாள். அவரைத் திட்டுவதற்கு அப்போது நேரமில்லை. திட்டினால் பாதி தன்னையும் சேர்த்தே திட்ட வேண்டியிருக்கும் என்றும் தெரிந்தது.

*

போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆன்மேரி வரும்போதே முகம் வெளுத்திருந்தது. கையில் மடிக்கணினி. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து திறந்தாள்.

"வெளியூரு பார்சல் பாதிக்கு மேல இன்னும் மதுரைய விட்டே போகல. கூரியர் ஆபீஸ்ல பேசிட்டேன், நிப்பாட்டிட்டாங்க. பக்கத்து ஊருக்குப் போனதுதான் டெலிவரி ஆயிருச்சு. அவங்களுக்கு இப்ப மெசேஜ் போடணும். என்னன்னு போட?"

பாண்டீஸ்வரி ஏற்கெனவே போனில் எழுதி வைத்திருந்தாள். நீட்டினாள். 'இந்த முறை அனுப்பிய மாவில் வண்டு இருக்க வாய்ப்புள்ளது. பயன்படுத்த வேண்டாம். மாற்று மாவு இலவசமாக அனுப்பப்படும்.'

ஆன்மேரி படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டா?"

"வேண்டாம்னு சொல்லியாச்சுல்ல மேரிக்கா. தின்ன மாட்டாங்க. கடலைன்னு நம்ம வாயாலயே சொன்னா அதோட முடிஞ்சுச்சு. கடலை இல்லைங்கிறதுதானே நம்ம பொழப்பே. அத நம்பித்தானே வாங்குறாங்க."

"பாண்டீஸ், வண்டு விழுந்த மாவ நம்ம வீட்டுல என்ன செய்வோம்?"

பதிலையும் ஆன்மேரியே சொன்னாள்.

"வெயில்ல காயப்போட்டு, சலிச்சு, திரும்ப டப்பாவுல போட்டு வைப்போம். கொட்டவா செய்வோம்? அத்தன ஆசையா வாங்குன மாவு."

உள்ளே படுக்கையில் அழகுபாண்டி அப்பாவிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். குரல் இன்னும் கரகரத்தது. பாண்டீஸ்வரி எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதப் பார்த்து இரண்டு தடவை தப்பாக அடித்தாள். பிறகு போனை ஆன்மேரியிடமே கொடுத்துவிட்டு, வாயால் சொன்னாள்.

"மாவுல நிலக்கடலை கலந்துருச்சு. எங்க தப்பு. என் பிள்ளைக்கே இன்னிக்கு ஒத்துக்காம ஆஸ்பத்திரியில இருக்கான். ஒரு வாய்கூடக் குடுக்காதீங்க. குடுத்திருந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க. அப்படியே போடுங்க."

ஆன்மேரி போட்டாள். அடுத்த நொடியிலிருந்து இரண்டு போன்களும் மாறி மாறி அடித்தன. திருமங்கலத்தில் ஒருத்தி அழுதாள். அவள் இன்னும் டப்பாவைத் திறக்கவில்லை. மேலூரில் ஒருவர், "எம் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா ஒங்கள உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்" என்று கத்தினார். அவர் பிள்ளைக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை, ஆனால் கத்துவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. பாண்டீஸ்வரி எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "ஆமாங்க, எங்க தப்புதான். குடுக்காதீங்க."

ஒவ்வொரு பேராக ஆன்மேரி குறித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு பெயர் மட்டும் நின்றது. மெசேஜ் போய்ச் சேரவில்லை. கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே.

"முனீஸ்வரி, எழுமலை" என்று படித்தாள் ஆன்மேரி. "நேத்து சாயங்காலம் டெலிவரி ஆயிருக்கு."

அந்தப் பெயரைப் பாண்டீஸ்வரிக்குத் தெரியும். ஆர்டர் போடுவதற்கு முன்னால் அந்தப் பெண் ஐந்தாறு குரல்செய்திகள் அனுப்பியிருந்தாள். தன் மகள் தர்ஷிகாவுக்கு மூன்று வயது, போன திருவிழாவில் கடலை உருண்டை தின்று மூச்சு நின்று, பெரியாஸ்பத்திரியில் பிழைத்து வந்தது, அதிலிருந்து எதைக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது என்று. கடைசிச் செய்தியில், 'அக்கா, ஒரு துளிகூட இருக்காதுல்ல?' என்று கேட்டிருந்தாள். பாண்டீஸ்வரி வேலை மும்முரத்தில், ஒரு கையால் மாவைச் சலித்துக்கொண்டே பதில் பேசி அனுப்பினாள். 'என் பிள்ளை மேல சத்தியம்மா. தைரியமா குடு.'

"நான் போறேன்" என்று எழுந்தாள்.

*

அவர்களுடைய பார்சல்களை ஏற்றிப் போகும் சுருளி, கூப்பிட்ட உடனே லோடு ஆட்டோவோடு வந்து நின்றார். எங்கே என்று மட்டும் கேட்டார். சூரியபிரகாஷ், "நீ போ, நான் இவனப் பாத்துக்கிறேன்" என்று அவள் காலருகே தன் செருப்பைத் தள்ளிவிட்டான். கணவனின் பெரிய செருப்போடேயே அவள் ஏறி உட்கார்ந்தாள். ஆன்மேரி நடுவில் நெருக்கிக்கொண்டாள்.

பரவை வழியாக நாற்கரச் சாலை ஏறி, நாகமலையைச் சுற்றி உசிலம்பட்டி ரோட்டைப் பிடித்தார்கள். மில்லுக்குப் போகும் தெருவைத் தாண்டியபோது பாண்டீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆன்மேரி முதலில் எழுமலைக்குப் பார்சல் கொண்டுபோன கூரியர்க்காரரைப் போனில் பிடித்தாள். அவர் தேனிப் பக்கம் இருந்தார். "ஊருக்கு மேக்க, ஓட்டு வீடுங்க, வாசல்ல பச்சை கேட்டு. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து உள்ள போகணும்" என்றார். வேறு யாரையும் அவருக்குத் தெரியவில்லை.

"மேரிக்கா, அந்த ஊருல யாரையாவது பிடிக்கணும். யாராவது ஒரு ஆளு."

ஆன்மேரி வரைபடத்தில் எழுமலையைத் தேடி, கடைகளின் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். உரக்கடையில் யாரும் எடுக்கவில்லை. பேக்கரியில் எடுத்தவர் கடன் கேட்கிறார்கள் என்று நினைத்து வைத்துவிட்டார். மூன்றாவதாக ஒரு மொபைல் கடை. காளை என்று ஒருவன் எடுத்தான்.

ஆன்மேரி படபடவென்று சொல்லி முடித்தாள். அவன் ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்படுவது மூச்சிலேயே தெரிந்தது. பாண்டீஸ்வரி போனை வாங்கினாள்.

"அண்ணே, நான் அந்த மாவ வித்தவ. தப்பு என்மேல. அந்தப் பிள்ள அதக் குடிச்சா செத்துரும்ணே. வீட்டுல போய்ச் சொல்லுங்க, அது போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"பச்சை கேட்டுன்னா லாரி டிரைவர் வீடு. இருங்க, போய்ப் பாத்துட்டுக் கூப்புடுறேன்."

செக்கானூரணியில் ரயில்வே கேட் போட்டதுபோல வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஏதோ கல்யாண ஊர்வலம். மேளம் சாவகாசமாக நகர்ந்தது. சுருளி ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. வேட்டி கட்டிய ஒருவர் வந்து, "என்னய்யா, செத்த பொறுக்க முடியாதா?" என்று சண்டைக்கு நின்றார். சுருளி தலையை வெளியே நீட்டி, "பிள்ள உசுருய்யா" என்றார். அந்த ஆள் ஒரு நொடி பார்த்துவிட்டு, மேளக்காரர்களை இரு கையாலும் ஓரம் தள்ளி வழி பண்ணிக் கொடுத்தார்.

உசிலம்பட்டியைத் தாண்டும்போது காளை கூப்பிட்டான். வீடு பூட்டிக் கிடந்தது. முனீஸ்வரி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்கப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். காடு மலையடிவாரத்தில். அங்கே சிக்னல் கிடையாது.

"சாப்பாடு கட்டிக்கிட்டுப் போச்சாம். பிள்ளைக்கும் எதோ தூக்குச்சட்டியில ஊத்திக்கிட்டுப் போச்சுன்னு சொல்றாங்க" என்றான்.

பாண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "நீங்க முன்னாடி போங்கண்ணே. நாங்க பின்னாடியே வாரோம்" என்றாள்.

"நான் கெளம்பிட்டேன்."

*

காளை சொன்ன வழியிலேயே போனார்கள். மண்பாதை முடிகிற இடத்தில் காளையின் பைக் சாய்ந்து கிடந்தது. அவன் வரப்பில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. பாண்டீஸ்வரி பெரிய செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். வெங்காயத் தாள்களுக்கு நடுவே குனிந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

புளியமரத்து நிழலில் ஒரு சேலை விரிப்பு. அதில் பிள்ளை சுருண்டு படுத்திருந்தது. பக்கத்தில் தூக்குச்சட்டி, மூடி திறந்து. முனீஸ்வரி அப்போதுதான் காட்டிலிருந்து வந்து பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண், தலையில் துண்டு. காளை மூச்சிரைக்க எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு விளங்கவில்லை.

"வெயிலுக்கு வேக்குரு போட்டிருக்கு போல. சொறிஞ்சுக்கிட்டே இருக்கு. இப்பத்தான் வாந்தியெடுத்துச்சு" என்றாள் யாரிடம் என்றில்லாமல்.

பாண்டீஸ்வரி மண்டியிட்டுப் பிள்ளையின் முகத்தைத் திருப்பினாள். உதடு, கண், காதுமடல் எல்லாம் காலையில் பார்த்த அதே வீக்கம். இதில் இன்னும் ஒன்று கூடுதல்: மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போனது. விசில் போல ஒரு சத்தம்.

"எப்பக் குடுத்த?"

"யாரு நீங்க?"

"மாவு அனுப்புன பாண்டீஸ்வரி. கஞ்சி எப்பக் குடுத்த?"

"இப்பத்தான், செத்த முன்னாடி… காலையில குடிக்க மாட்டேன்னுருச்சு. இங்க வந்துதான் அரைச் சட்டி குடிச்சுச்சு…"

அவள் முகம் மாறியது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு, இவர்கள் யாரையும் பார்க்காமல் அவளே வரப்பில் ஓடத் தொடங்கினாள்.

லோடு ஆட்டோவின் முன்னால் முனீஸ்வரியும் பிள்ளையும். பாண்டீஸ்வரி கதவோரமாக ஒட்டிக்கொண்டு, ஆன்மேரி பின்னால் காலி டப்பா மூட்டைகளுக்கு நடுவே. காளை முன்னால் பைக்கில் வழிவிடச் சொல்லிக் கையசைத்துக்கொண்டே போனான். பாண்டீஸ்வரி தன்னிடமிருந்த ஒவ்வாமை மருந்தைப் புகட்டப் பார்த்தாள். பிள்ளை விழுங்கவில்லை, கடைவாயில் வழிந்தது.

"கடலை கலந்துருச்சும்மா" என்றாள். "மில்லுல. நான் பக்கத்துல நிக்கல. எம் பிள்ளைக்கும் காலையில…"

முனீஸ்வரி பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சத்தியம் பண்ணுனீங்களேக்கா" என்றாள்.

வண்டி குண்டு குழியில் விழுந்து எழுந்து போனது. பாண்டீஸ்வரி அந்த விசில் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது நின்றுவிடக் கூடாது என்றும், அதைக் கேட்க முடியவில்லை என்றும் ஒரே நேரத்தில் நினைத்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆன்மேரிதான் முதலில் குதித்து உள்ளே ஓடி, "நிலக்கடலை அலர்ஜி! மூச்சுத் திணறுது!" என்று கூவினாள். அந்த வார்த்தைகளே போதுமாக இருந்தன. அங்கிருந்த பெண் டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. மருந்து உடைத்த சத்தம், தொடையில் ஊசி, ஆக்சிஜன். இன்னொரு ஊசியும் தேவைப்பட்டது. கதவுக்கு வெளியே பாண்டீஸ்வரி சுவரோடு சுவராக நின்றாள். உள்ளே முனீஸ்வரி பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "தர்ஷிம்மா, தர்ஷிம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு பிள்ளை அழுதது. வீறிட்டு, முழுத் தொண்டையோடு, ஊசி போட்ட கோபத்தில் அழுதது. ஆன்மேரி சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சுருளி வேப்பமரத்தடியில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபடி வீங்க வாய்ப்பிருக்கு. உசிலம்பட்டியில வச்சுப் பாக்கணும். ஆம்புலன்ஸ் வருது" என்றார் டாக்டர் வெளியே வந்து. பாண்டீஸ்வரியைப் பார்த்து, "நீங்க யாரு, சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்ல. அந்த மாவ வித்தவ."

டாக்டர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "என்ன கலந்துருக்குன்னு தெரிஞ்சு வந்ததால உடனே செய்ய முடிஞ்சுது" என்றார். பாராட்டாக இல்லை; நடந்ததைச் சொல்வதுபோல. ஆம்புலன்ஸில் ஏறும்போது முனீஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. பாண்டீஸ்வரியும் கூட வருவதாகக் கேட்கவில்லை.

*

அன்று சாயங்காலமே மேலூர்க்காரர் அவர்கள் அனுப்பிய செய்தியைப் படம் பிடித்துப் பொதுவில் போட்டுவிட்டார். கஞ்சி மீசையோடு அழகுபாண்டி சிரித்த படத்தின் கீழே முன்பு இதயங்கள் இருந்த இடத்தில் இப்போது கொலைகாரி என்று எழுதினார்கள். ஆன்மேரி எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கேட்டாள். பாண்டீஸ்வரி வேண்டாம் என்றாள். நடந்ததை ஒன்று விடாமல் தானே பேசி ஒரு வீடியோ போட்டாள். மில்லில் நிற்காததையும், எழுமலைப் பிள்ளை மருத்துவமனையில் இருப்பதையும் சொன்னாள். முதலில் வண்டு என்று எழுதியதை மட்டும் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து மாதிரி எடுத்தார். தனியாக ஒரு அரவை இடம் அமையும் வரை விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லாவிட்டாலும் அவள் விற்றிருக்க மாட்டாள். ஆன்மேரி பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பினாள். "கொஞ்ச நாளைக்குத்தான், பாண்டீஸ்" என்றாள். இருவருக்கும் அது நிச்சயமாகத் தெரியவில்லை. மலையாண்டி ஒரு நாள் பழங்களோடு வந்து வாசலில் நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். இரண்டு பேரும் மில்லைப் பற்றிப் பேசவில்லை.

தர்ஷிகா தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று காளை அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தான். முனீஸ்வரிக்குப் பாண்டீஸ்வரி அனுப்பிய செய்திகளில் நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

மழை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாண்டீஸ்வரி பேருந்து ஏறி எழுமலைக்குப் போனாள். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. பச்சை கேட் திறந்திருந்தது. வாசலில் தர்ஷிகா தண்ணீர்க் குழாயோடு விளையாடிக்கொண்டிருந்தாள், முழங்கால் வரை சேறு. முன்பின் தெரியாத ஆளைப் பார்த்து, "அம்மா, யாரோ!" என்று கத்தினாள்.

முனீஸ்வரி முறத்தோடு வெளியே வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

"என்னத்துக்கு வந்தீங்க?"

"பிள்ளையப் பாக்கணும்னு."

"பாத்துட்டீங்கள்ல."

பாண்டீஸ்வரி தலையாட்டினாள். திரும்பலாம் என்று நினைத்தபோது முனீஸ்வரி முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அவரு லாரியில போயிட்டா மாசக்கணக்குல வாரதில்ல. நானும் இதுவும்தான். கடையில வாங்குன எதையும் இப்ப இதுக்குக் குடுக்குறதில்ல. வெறும் சோறு, பருப்பு. எளைச்சுப் போச்சு." பிள்ளையைப் பார்த்தாள். "ஒங்க மாவு அதுக்குப் புடிச்சிருந்துச்சு. அன்னிக்கு அந்தக் காட்டுல அரைச் சட்டியும் தானாக் குடிச்சுச்சு. எங்க ஊருல கேப்பையும் கம்பும் கெடைக்குது. எங்கிட்ட திருகைக்கல்லும் இருக்கு. எது எம்புட்டு, எத மொதல்ல வறுக்கணும்னு சொல்லிட்டுப் போங்க. நானே திரிச்சுக்கிடுறேன்."

அந்த அளவுகளைப் பாண்டீஸ்வரி இதுவரை சூரியபிரகாஷுக்குக்கூடச் சொன்னதில்லை. எத்தனையோ பேர் கேட்டு மழுப்பியிருக்கிறாள். வியாபாரம் என்று அவளிடம் இருந்ததே அதுதான்.

வாசல்படிக்குக் கீழே, ஈரம் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"கேப்பைய முளைகட்டணும். ராத்திரி ஊறவச்சு, துணியில முடிஞ்சு தொங்கவிடு. வெயில்ல காய வச்சு அதுக்கப்புறந்தான் வறுக்கணும். அடுப்பு சின்னதா எரியணும். கம்ப தனியா வறு, ரெண்டையும் சேத்து வறுத்தா கம்பு கருகிரும்…"

முனீஸ்வரி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொன்னாள். பாசிப்பயறு தோலோடா, தோல் எடுத்தா என்று சந்தேகம் கேட்டாள். குழாயைத் திருப்பி இருவர் மேலும் தண்ணீர் அடித்த மகளை, "ஏய், அங்கிட்டுப் போ" என்று அதட்டினாள்.